அடியில் ஒரு துளை

வாங்கி வந்த செடி இரண்டே மாதத்தில் பட்டுப்போனால் நம் வீடுகளில் அதற்குச் சொல்லப்படும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: "நமக்குக் கைராசி இல்லை." நர்சரிக்காரர் மீது பழி போடுபவர்களும் உண்டு, வெயில் போதவில்லை, உரம் போதவில்லை என்று காரணம் தேடுபவர்களும் உண்டு. செடி நின்ற தொட்டியைக் கவிழ்த்துப் பார்ப்பவர்கள் குறைவு. பார்த்தால் பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும். வேர் கறுத்துப்போய், தொட்டால் தோல் உரிந்து வரும். சாக்கடை வாடை அடிக்கும். அடி மண் சேறாகக் கிடக்கும். தொட்டியின் அடியில் துளையே இருக்காது, அல்லது இருந்த துளையை ஒரு பிளாஸ்டிக் தக்கை அடைத்திருக்கும். செடியைப் பார்த்துப் பார்த்து எடுக்கும் நாம், தொட்டியை மட்டும் சுவரின் நிறத்துக்கும் சோபா உறைக்கும் பொருந்துகிறதா என்று பார்த்து இரண்டு நிமிடத்தில் வாங்கிவிடுகிறோம். ஊற்றிய தண்ணீர் எவ்வளவு வேகமாக வெளியேறும், அந்த இடத்துக்குக் காற்று எவ்வளவு வேகமாக வந்துசேரும் என்பதைத் தீர்மானிப்பது தொட்டிதான். வீட்டுக்குள் வளரும் செடிக்கு முதலில் போட வேண்டிய கணக்கு அது. நிறமும் வடிவமும் விலையும் அதற்குப் பிறகு. தண்ணீர் ஊற்றும் கையையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டியிருப்பதால், கைராசி என்ற சொல்லை முழுப் பொய் என்றும் தள்ளிவிட முடியாது.

இலை சுவாசிக்கிறது என்று பள்ளியில் படித்ததோடு நின்றுவிட்டோம். வேரும் சுவாசிக்கிறது. மண் துகள்களுக்கு இடையே இருக்கும் காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொண்டுதான் அது நீரையும் சத்தையும் உறிஞ்சுகிறது. அந்த இடுக்குகளைத் தண்ணீர் நிரப்பிவிட்டால், காற்றில் பரவுவதைவிடச் சுமார் 10,000 மடங்கு மெதுவாகத்தான் ஆக்சிஜன் அங்கே பரவ முடியும். மூச்சுத் திணறும் வேரைத்தான் பித்தியம், ஃபைட்டோப்தோரா போன்ற அழுகல் கிருமிகள் எளிதில் பிடிக்கும். வேர் செத்த பிறகு, சுற்றிலும் தண்ணீர் இருந்தும் செடியால் குடிக்க முடியாது, இலை துவண்டுவிடும். துவண்ட இலையைப் பார்த்தால் நமக்குத் தாகம் என்றே தோன்றும். இன்னொரு குவளை ஊற்றுவோம். வீட்டுச் செடிகள் தண்ணீர் இல்லாமல் சாவதைவிட, தண்ணீர் பாய்ச்சியே கொல்லப்படுவது அதிகம் என்று தோட்டக்காரர்கள் சலித்துக்கொள்வது இதனால்தான்.

தரையில் நிற்கும் செடிக்கு இந்த ஆபத்து குறைவு. அங்கே மண் பல அடி ஆழத்துக்குத் தொடர்ந்து செல்வதால், மேல் மண்ணின் ஈரத்தைக் கீழ் மண் இழுத்துக்கொண்டே போகும். தொட்டியில் மண் ஒரு சாணில் முடிந்துவிடுகிறது. அடியில் துளை இருந்தாலும், புவியீர்ப்பு இழுக்கும் அளவுக்கு மண்ணின் நுண்துளைகளும் நீரைப் பிடித்துக்கொள்வதால், கடைசிச் சில விரற்கடை உயரம் ஈரத்தில் ஊறியே இருக்கும். குளிக்கும் ஸ்பாஞ்சை நனைத்துப் படுக்கைவசமாகப் பிடியுங்கள். சொட்டுவது நின்ற பிறகு அதையே செங்குத்தாகத் திருப்புங்கள்; மீண்டும் சொட்டும். ஸ்பாஞ்சு மாறவில்லை, அதன் உயரம்தான் கூடியது. தொட்டியிலும் இதே கதைதான். ஊறி நிற்கும் அடுக்கின் உயரம் மண்கலவையைப் பொறுத்தது. தொட்டியின் வடிவம் அதை மாற்றுவதில்லை. ஒரு கலவை இரண்டு அங்குலத்துக்கு நீரைப் பிடித்துவைக்கும் என்று வைத்துக்கொண்டால், நான்கு அங்குல ஆழமுள்ள அகலக் கிண்ணத்தில் பாதி மண் சேறு. பத்து அங்குல ஆழத் தொட்டியில் ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே சேறு. மேசை மேல் வைக்க அழகாக இருக்கிறது என்று தட்டையான கிண்ணத்தில் கள்ளிச்செடியை நட்டு விற்கிறார்களே, வறண்ட நிலத்துச் செடிக்கு அதைவிட ஈரமான வீடு கிடைப்பது கடினம்.

இதற்குப் பரிகாரமாகத் தலைமுறைகளாகச் சொல்லப்படுவது, தொட்டியின் அடியில் கூழாங்கல்லோ செங்கல் சில்லோ பரப்புவது. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் லிண்டா சால்கர்-ஸ்காட் போன்ற தோட்டக்கலை அறிஞர்கள் இதை நெடுங்காலமாக மறுத்துவந்தார்கள். நுண்மணலிலிருந்து பெருங்கல்லுக்குத் தண்ணீர் எளிதில் இறங்காது, ஆகவே கல்லடுக்கு ஈர அடுக்கை மேலே தள்ளி வேருக்கு அருகில் கொண்டுவரும் என்பது அவர்கள் வாதம். 2025-இல் பிளாஸ் ஒன் ஆய்விதழில் வெளிவந்த சோதனைகள் இதைக் கொஞ்சம் தளர்த்தின. கல்லடுக்கு போட்டால் கலவையில் தங்கும் நீர் பெரும்பாலும் சற்றுக் குறைகிறது, கூடுவது மிக அரிது என்பது அவற்றின் முடிவு. பாட்டிமார் சொன்னது அவ்வளவு தவறில்லை போலிருக்கிறது. ஆனால் இந்தச் சண்டை முழுவதும் துளையுள்ள தொட்டியைப் பற்றியது. துளையில்லாத பீங்கான் ஜாடியில் எத்தனை கூழாங்கல் போட்டாலும் வடிந்த நீர் கல்லுக்கிடையில் தேங்கும். நான்கைந்து முறை ஊற்றியதும் நீர்மட்டம் உயர்ந்து மண்ணைத் தொடும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. துளை மேல் ஓர் ஓட்டாஞ்சில்லை வளைவாகக் கவிழ்த்துவைக்கும் பழைய வழக்கம் வேறு. மண் கொட்டிவிடாமல் தடுக்க அது நல்ல ஏற்பாடு.

உடனே ஒரு கேள்வி வரும்: பாட்டிலில் வெறும் தண்ணீரில் நிற்கும் மணி பிளான்ட் வருஷக்கணக்கில் தழைக்கிறதே, அதற்கு எந்தத் துளை? நியாயமான கேள்விதான். தண்ணீரிலேயே முளைத்த வேர், உள்ளே காற்றுக்குழல்களை உண்டாக்கிக்கொண்டு அந்தச் சூழலுக்கு ஏற்ப வளர்கிறது. நாம் அவ்வப்போது மாற்றும் தண்ணீரோடு கரைந்த ஆக்சிஜனும் கிடைக்கிறது. லக்கி பாம்பூ என்று விற்கப்படும் டிரசீனாவுக்கும் (அது மூங்கிலே இல்லை) இது பொருந்தும். மண்ணில் வளர்ந்த வேரைக் காற்றில்லாத சேற்றில் அமுக்குவது வேறு விஷயம். கண்ணாடிக் குடுவைக்குள் வளரும் டெரேரியத்தையும் சிலர் சான்றாகக் காட்டுவார்கள். 1829-இல் லண்டன் மருத்துவர் நதானியல் வார்டு, மூடிய கண்ணாடிக் குடுவைக்குள் பெரணி தானாக முளைத்து வளர்வதைக் கவனித்தார். அதிலிருந்து பிறந்தவைதான் கடல் கடந்து செடிகளைக் கொண்டுசென்ற வார்டியன் பெட்டிகள். அங்கே துளை தேவைப்படாததற்குக் காரணம், புதிதாகத் தண்ணீர் கிட்டத்தட்ட ஊற்றப்படுவதே இல்லை என்பதுதான். உள்ளிருக்கும் நீரே ஆவியாகி, வழிந்து, மீண்டும் மண்ணுக்குத் திரும்புகிறது. நாமோ வாரம் இரண்டு முறை செம்பைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள்.

"நான் அளந்துதான் ஊற்றுகிறேன், அரைக் குவளைக்கு மேல் போவதில்லை" என்பவர்களின் வாதம் இன்னும் வலுவானது. அளந்து ஊற்றினால் அழுகல் வராது என்பது உண்மையே. ஆனால் தண்ணீரோடு வந்த உப்பு எங்கே போகும்? குடிநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது இந்தியத் தரநிலை. நம் போர்வெல்கள் பலவற்றில் அதைவிட அதிகம். அந்த 500-ஐயே எடுத்துக்கொள்வோம். வாரம் அரை லிட்டர் என்றால் ஆண்டுக்கு 26 லிட்டர், அதாவது 13 கிராம் உப்பு. தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு அங்கேயே தங்கும். இரண்டு ஆண்டில் இலை நுனி கருகத் தொடங்கும்போது உரம் போதவில்லை என்று இன்னும் கொஞ்சம் உப்பையே உரமாகப் போடுவோம். துளையுள்ள தொட்டி என்றால் மாதம் ஒருமுறை குழாயடியில் வைத்து, அடிவழியே தண்ணீர் தாராளமாக ஓடும்வரை ஊற்றினால் பெரும்பகுதி கழுவிக்கொண்டு போய்விடும். ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுநீரை வீணாக்காமல் செடிக்கு ஊற்றும் சிக்கனக்காரர்கள் இந்த இடத்தில் யோசிக்க வேண்டும். அதில் உப்பு மூலநீரைவிட அதிகம். ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரில் உப்பு ஏறக்குறைய இல்லை.

அடுத்தது அளவு. செடி வளரட்டும் என்று ஒரேயடியாகப் பெரிய தொட்டியில் வைப்பது நம் வழக்கம். பிள்ளைக்குச் சட்டை தைக்கும்போது வளர்த்தியாகத் தைப்பது போல. இதற்கு ஆதரவாக அறிவியலும் உண்டு. ஹென்ட்ரிக் பூர்ட்டரும் உடன் ஆய்வாளர்களும் 2012-இல் 65 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, தொட்டியின் கொள்ளளவு இரு மடங்கானால் செடியின் எடை சராசரியாக 43 விழுக்காடு கூடுகிறது என்று காட்டினார்கள். இதை மறுக்க முடியாது. ஆனால் ஆய்வுக்கான செடிகளுக்குப் போதிய ஒளி கிடைக்கிறது. தண்ணீர் கணக்காகக் கொடுக்கப்படுகிறது. உச்சிவெயிலின் வெளிச்சம் சுமார் ஒரு லட்சம் லக்ஸ் என்றால், நம் வரவேற்பறை மூலையில் இருப்பது சில நூறு லக்ஸ். அந்த வெளிச்சத்தில் செடி மெல்லத்தான் வளரும். மெல்ல வளரும் செடி மெல்லத்தான் குடிக்கும். ஆறங்குலத் தொட்டியிலிருந்து அதே வடிவமுள்ள எட்டங்குலத் தொட்டிக்குப் போனால் மண்ணின் அளவு ஏறக்குறைய 2.4 மடங்கு, பன்னிரண்டு அங்குலத்துக்குப் போனால் எட்டு மடங்கு. வேர் எட்டாத அந்த ஏழு பங்கு மண்ணில் ஊற்றிய நீரைக் குடிக்க ஆளில்லை. ஆக, ஒரு முறைக்கு ஓரிரு அங்குலம் என்று ஏறுவதே வீட்டுக்குள் சரி. பெரிய செடி அதிகக் காற்றைச் சுத்தம் செய்யும் என்ற ஆசையில் பெரிய தொட்டி வாங்குபவர்களும் இருக்கிறார்கள். அந்த ஆசைக்கு வித்திட்ட, 1989-இல் நாசாவுக்காகச் செய்யப்பட்ட புகழ்பெற்ற ஆய்வு மூடிய சிறு அறைகளில் நடந்தது. சாதாரணக் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால் ஒவ்வொரு சதுர மீட்டர் தரைக்கும் 10 முதல் 1,000 செடிகள் வரை வேண்டும் என்று 2019-இல் ஒரு மறுஆய்வு கணக்கிட்டது. அவ்வளவு செடி வைத்தால் நாம் வெளியே படுக்க வேண்டியதுதான்.

இப்போது எந்தப் பொருளில் செய்த தொட்டி என்ற கேள்விக்கு வரலாம். சுட்ட மண் ஏன் நல்லது என்பதைத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. கோடையில் மண்பானைத் தண்ணீர் குடித்தவர்களுக்கு அது தெரியும். பானையின் சுவர் வழியே கசியும் நீர் வெளிப்பக்கம் ஆவியாகி உள்ளிருப்பதைக் குளிர்விக்கிறது. மண்தொட்டியும் அதேபோல வியர்க்கிறது. துளை வழியே வடியாத ஈரம் சுவர் வழியே போகிறது, காற்றும் ஓரளவு உள்ளே வருகிறது, உப்பும் சுவருக்கு வந்து வெள்ளையாகப் பூக்கிறது. கடத்துக்கும் பானைக்கும் பெயர்பெற்று, 2023-இல் புவிசார் குறியீடும் வாங்கிய மானாமதுரை மண்பாண்டங்களைப் போல மெருகு பூசாத எந்தச் சுடுமண்ணுக்கும் இந்தக் குணம் உண்டு. அதன் மேல் எனாமல் பெயின்ட் அடித்துப் பூ வரைந்தால் குணம் போய்விடும். காவி பூசினால் போகாது. பீங்கானின் மெருகும் எனாமலைப் போலத்தான், நுண்துளைகளை அடைத்துவிடுகிறது. பார்வைக்கு மண், நடத்தையில் பிளாஸ்டிக்.

ஆனால் மண்தொட்டியே எப்போதும் உசத்தி என்று சொல்பவர்களோடும் உடன்பட முடியவில்லை. நாள் முழுதும் ஏ.சி. ஓடும் அறையில் காற்று வறண்டிருக்கும். அங்கே சிறு மண்தொட்டியில் வைத்த பெரணியோ பீஸ் லில்லியோ இரண்டாம் நாளே தலை சாய்ந்துவிடும். அதற்கு ஈரத்தைப் பிடித்துவைக்கும் பிளாஸ்டிக் தொட்டிதான் தக்க துணை. அக்னி நட்சத்திரத்தில் ஒரே நாளில் காயும் அதே மண்தொட்டி, ஐப்பசி அடைமழையில் ஒரு வாரம் ஈரமாகவே கிடக்கும். ஆகவே தேர்வு தொடங்க வேண்டிய இடம் தண்ணீர் ஊற்றுபவரின் பழக்கம். தினமும் காலையில் செம்போடு நிற்கும் தாத்தா இருக்கும் வீட்டுக்கு மண்தொட்டி ஏற்றது. அவருடைய பாசத்தை அது ஆவியாக்கிவிடும். வாரம் ஒருமுறை நினைவு வரும், வேலைக்குப் போகும் தம்பதிக்குப் பிளாஸ்டிக் மேல். செடியின் இயல்பையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கிழங்கில் நீரைச் சேமிக்கும் ஸீஸீ செடியும், நம்மூர் மருளின் உறவான ஸ்நேக் பிளான்ட்டும் வறட்சியைத் தாங்குபவை. அவற்றுக்கு இறுக்கமான மண்தொட்டி. மரத்தில் தொற்றி வாழும் ஆர்க்கிட்டின் வேர் பச்சையாக இருக்கும், ஒளியையும் பயன்படுத்தும். ஆகவே வான்டாவைக் கரித்துண்டு போட்ட கூடையிலும் ஃபலனாப்சிஸை ஒளிபுகும் தொட்டியிலும் வளர்க்கிறார்கள். ஆர்க்கிட்டை மண் நிரப்பிய தொட்டியில் நடுவது, மீனை மணலில் விடுவது போல.

தொட்டியை மட்டும் மாற்றி, உள்ளே இருப்பதை அப்படியே விட்டால் பாதிப் பயன்தான். ராஜமகேந்திரவரத்துக்கு அருகே கடியம் நர்சரிகளிலிருந்து தென்னிந்தியா முழுக்க லாரிகளில் செடிகள் வருகின்றன. பயணத்தில் வேர் கலையாமல் இருக்க இறுக்கமான களிமண் உருண்டை வசதிதான். ஆனால் வீட்டுக்குள் வந்ததும் அதைச் சுற்றி உதிரியான கலவையைப் போட்டால், ஊற்றும் நீர் சுற்றிலும் ஓடிவிட்டு உருண்டை காய்ந்தே இருக்கும், அல்லது ஒருமுறை நனைந்தால் காயவே காயாது. வேர் அறுபடாமல் வெளிமண்ணை விரலால் உதிர்த்துவிட்டு நடுவது நல்லது. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வரும் தென்னைநார்த்தூளுக்கு வேறொரு சூழ்ச்சி: மேலே காய்ந்து வெளுத்துக் காட்டும், இரண்டு அங்குலம் கீழே சொதசொதவென்று இருக்கும். விரலை விட்டுப் பார்க்காமல் நிறத்தை நம்பினால் ஏமாறுவோம்.

மற்றப் பொருள்களைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. சிமென்ட் தொட்டி புதிதில் சுண்ணாம்பைக் கசியவிடும், சில நாள் தண்ணீரில் ஊறவைத்துக் கொட்ட வேண்டும், கனமும் அதிகம். பித்தளை உருளி, செப்புத் தவலை ஆகியவற்றில் நேரடியாக நடுவது இப்போது நாகரிகமாகியிருக்கிறது. செம்பு வேர்நுனிக்கு ஆகாது. தொட்டிச் சுவரில் வேர் சுற்றிச் சுற்றி வளராமல் தடுக்க நர்சரிகளில் செப்புச் சேர்மத்தை உட்பக்கம் பூசுவதே அந்தக் குணத்தை நம்பித்தான். அடியில் நீர்த்தேக்கம் வைத்துத் திரி வழியே தானாக உறிஞ்சும் தொட்டிகள் வெளியூர் போகிறவர்களுக்கு உதவும், பீஸ் லில்லி போன்ற தாகச் செடிகளுக்கு மட்டும். ஆனால் நம் ஊரில் அந்தத் தேக்கத்தையும், தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டையும் பற்றி இன்னொரு கவலை இருக்கிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு ஒரு தட்டு சுத்தநீர் போதும். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஓரத்தில் முட்டையிடும். அந்த முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் மீண்டும் நனைந்ததும் பொரியும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, வாரம் ஒருமுறை தட்டின் ஓரத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். பாட்டில் மணி பிளான்ட்டுக்கும் இதே விதி.

வீட்டுக்குள் செடி வைப்பதே அழகுக்காகத்தானே, அதில் இவ்வளவு கணக்குப் பார்த்தால் வீடு நர்சரி மாதிரி ஆகிவிடாதா என்ற ஆட்சேபம் கடைசியாக வரும். பழைய வீடுகளில் இந்தச் சிக்கலே இல்லை. துளசிக்கு முற்றத்தில் மாடம் இருந்தது, செடி கூடத்துக்குள் வரவில்லை. அடுக்குமாடியில் முற்றம் போய்விட்டதால் செடி சோபாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது, அதற்கேற்ற உடையும் வேண்டியிருக்கிறது. தீர்வு இரட்டைத் தொட்டி. செடி துளையுள்ள சாதாரண பிளாஸ்டிக் தொட்டியிலேயே இருக்கட்டும். அதை அழகான பீங்கானுக்குள்ளோ பித்தளைத் தவலைக்குள்ளோ மூங்கில் கூடைக்குள்ளோ இறக்கி வையுங்கள். தண்ணீர் ஊற்றும் நாளில் உள்தொட்டியை மட்டும் தூக்கிக் குளியலறையில் வைத்து ஊற்றி, வடிந்த பிறகு திரும்ப வைத்தால் போதும். உள்தொட்டி வெளித்தொட்டியின் அடியைத் தொடாமல் ஒரு விரற்கடை உயர்ந்திருக்க, பழைய டைல்ஸ் துண்டொன்றை அடியில் போடலாம். கூழாங்கல்லுக்கு உண்மையிலேயே வேலை இருக்கும் இடமும் இதுதான். துளையில்லாமல் ஏற்கெனவே வாங்கிவிட்ட பீங்கான் தொட்டியிலேயே நட்டாக வேண்டும் என்றால், ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் டைல்ஸ் பிட்டை டிரில் இயந்திரத்தில் மாட்டி, தொட்டியைக் கவிழ்த்து, துளைபோடும் இடத்தில் மறைப்பு நாடாவை ஒட்டி, தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே மெதுவாகத் துளைக்க வேண்டும். சுத்தியல் விசை உள்ள டிரில் என்றால் அந்த விசையை நிறுத்திவிட வேண்டும். இல்லையென்றால் தொட்டி பிளந்துவிடும். அரை அங்குலத் துளை ஒன்று போதும்.